சேர்ந்து வாங்கினால் சிகிச்சையும் மலியும்

வாங்கும்போதே லாபம் பார்க்க வேண்டும் என்பது நம் தொழிலின் பாலபாடம். விற்கிற விலையைச் சந்தை தீர்மானிக்கிறது. வாங்குகிற விலையைத்தான் நாம் ஓரளவு தீர்மானிக்க முடியும். பருப்பாகட்டும், மிளகாய் வத்தலாகட்டும், மூடைக்கு ஒரு விலை, லாரிக்கு ஒரு விலை என்பதை வணிகப் பெருமக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இதே கணக்கு ஆஸ்பத்திரிகளுக்கும் பொருந்தும் என்பதை மட்டும் நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

நம் பகுதிக்கு இது வெறும் லாப நட்டக் கணக்கு அல்ல. ஆலங்குளம், வெம்பக்கோட்டை, சிவகாசி, சாத்தூர் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் பட்டாசும் தீப்பெட்டியும்தான் ஜனங்களுக்குச் சோறு போடுகின்றன. 2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் நடந்த வெடி விபத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம். அது போன்ற நாளில் தீக்காயம் பட்டவர்கள் ஒருவர் இருவராக வருவதில்லை, கூட்டமாக வருகிறார்கள்.

தீக்காயம் பட்ட உடம்பிலிருந்து நீர் வெளியேறிக்கொண்டே இருக்கும். அதை ஈடுகட்டக் குளுகோஸ் பாட்டில் போல ஏற்றும் திரவத்துக்கு மருத்துவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். உடல் எடை கிலோ ஒன்றுக்கு, காயம் நூற்றுக்கு ஒரு பங்கு என்றால் 4 மில்லி. அதன்படி 60 கிலோ எடையுள்ளவருக்கு நூற்றுக்கு 40 பங்கு காயம் என்றால் முதல் 24 மணி நேரத்தில் 9,600 மில்லி தேவை. அரை லிட்டர் பாட்டிலாக எண்ணினால் ஏறக்குறைய 20 பாட்டில். அதிலும் பாதியை முதல் 8 மணி நேரத்திலேயே ஏற்றிவிட வேண்டும். அப்படிப் பத்துப் பேர் வந்தால் 200 பாட்டில். களிம்பு, காஸ் துணி, வலி ஊசி எல்லாம் தனி. தனியாக வாங்கி, தனியாக இருப்பு வைக்கிற ஒரு சிறு ஆஸ்பத்திரியால் இவ்வளவு சரக்கை எப்போதும் கையில் வைத்திருக்க இயலுமா? வைத்தால் காலாவதியாகும், வைக்காவிட்டால் உயிர் போகும்.

இந்தச் சிக்கலுக்குத் தீர்வு நம் மாநிலத்திலேயே இருக்கிறது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஒரு அரசுக் கம்பெனியாகப் பதிவு செய்யப்பட்டு, 1995 ஜனவரி முதல் மருந்து வழங்கி வருகிறது. மாநிலத்தில் உள்ள அரசு ஆஸ்பத்திரிகள், ஆரம்ப சுகாதார நிலையங்கள் எல்லாவற்றுக்கும் தேவையான மருந்தை ஒரே கையில் டெண்டர் விட்டு வாங்குகிறது. மாவட்டந்தோறும் கிட்டங்கி வைத்திருக்கிறது. நம் விருதுநகரிலும் ஒன்று உண்டு.

அதன் நடைமுறையைக் கேட்டால் நம் கடைக் கணக்கு மாதிரியே இருக்கும். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ் புத்தகம். வருடத்துக்கு இவ்வளவு ரூபாய் மருந்து என்று அதில் வரவு வைக்கப்படும். கிட்டங்கியில் சரக்கு எடுக்க எடுக்க அந்தத் தொகையில் பற்று எழுதுவார்கள். ஒரு மருந்து குறைவாகச் செலவானால் அந்தப் பணத்துக்கு வேறு மருந்து எடுத்துக்கொள்ளலாம். திடீர்த் தேவைக்கு உள்ளூரிலேயே வாங்கிக்கொள்ள ஒரு சிறு பங்கு ஒதுக்கப்படுகிறது. எல்லாவற்றையும் மேலிடத்துக்கே விட்டுவிட்டால் அவசரத்தில் கை கட்டிப் போகும் என்பதால் செய்த ஏற்பாடு இது.

மொத்தமாக வாங்கினால் ஏன் விலை குறைகிறது? அதிக அளவு வாங்குகிறோம் என்று விற்பவர் கழுத்தைப் பிடிப்பதால்தான் என்று சிலர் நினைக்கிறார்கள். அது அரைக் கணக்கு. மருந்துக் கம்பெனியின் செலவில் பிரதிநிதிக்கு ஒரு பங்கு, விளம்பரத்துக்கு ஒரு பங்கு, கடனுக்கு வட்டி, வராக் கடனுக்கு ஒரு பங்கு என்று எல்லாம் சேர்ந்திருக்கிறது. வருடம் முழுவதும் இவ்வளவு சரக்கு நிச்சயம், பணமும் நிச்சயம் என்றால் அந்தச் செலவுகள் குறைகின்றன. கம்பெனிப் பெயரைச் சொல்லாமல் மருந்தின் பெயரைச் சொல்லி வாங்குவதால் பெயருக்குக் கொடுக்கும் விலையும் மிச்சம்.

தமிழ்நாட்டைப் பார்த்துப் பிற மாநிலங்களும் இதே வழியில் சென்றன. கேரளத்தில் 2008 முதலும், ராஜஸ்தானில் 2011 முதலும் இத்தகைய கழகங்கள் இயங்குகின்றன. இலங்கையில் 1971-லேயே டாக்டர் சேனக பிபிலே தலைமையில் அரசு மருந்துக் கூட்டுத்தாபனம் தொடங்கப்பட்டது. அரசு மட்டும்தான் செய்ய முடியும் என்பதும் இல்லை. நம் நாட்டின் தேசியப் புற்றுநோய்க் கூட்டமைப்பில் அரசு, தனியார், அறக்கட்டளை என எல்லா வகை ஆஸ்பத்திரிகளும் இருக்கின்றன. அதில் 23 மையங்கள் ஒன்று சேர்ந்து 40 மருந்துகளைக் கூட்டாகக் கொள்முதல் செய்ததில் சுமார் 1,320 கோடி ரூபாய் மிச்சமானதாகக் கணக்கு வெளியிட்டிருக்கிறார்கள். தனித்தனியே பேரம் பேசியிருந்தால் இந்தத் தொகை நோயாளிகளின் மடியிலிருந்துதான் போயிருக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். விலை மட்டும் குறைந்தால் போதும் என்று வாங்குவது பெரிய ஆபத்து. கல் கலந்த பருப்பை வாடிக்கையாளர் புடைத்துப் பார்த்துத் திருப்பிக் கொடுப்பார். மருந்தை யார் புடைத்துப் பார்ப்பது? 2025-ஆம் ஆண்டு மத்தியப் பிரதேசத்தில் இருமல் மருந்து குடித்து இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். டைஎதிலீன் கிளைகால் என்னும் நச்சு அதில் கலந்திருந்தது. அந்த மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் என்பது நமக்குத் தலைகுனிவு.

ஆகவேதான் மருத்துவப் பணிகள் கழகத்தின் முறையில் விலைக்கு முன்னால் தரம் வருகிறது. டெண்டரில் இரண்டு உறைகள். முதல் உறையில் தொழிற்சாலையின் தகுதி. அது தேறினால்தான் இரண்டாம் உறையைப் பிரித்து விலை பார்ப்பார்கள். சரக்கு கிட்டங்கிக்கு வந்ததும் ஒவ்வொரு பேட்சிலும் மாதிரி எடுத்து, கம்பெனிப் பெயரை மறைத்து, குறியீட்டு எண் மட்டும் இட்டுச் சோதனைக் கூடத்துக்கு அனுப்புவார்கள். தேறும் வரை சரக்கு ஒதுக்கி வைக்கப்படும். தேறாவிட்டால் திரும்பிப் போகும். இந்தச் சோதனைச் செலவை ஒரு தனி ஆஸ்பத்திரியால் தாங்க முடியாது. கூட்டாக வாங்கும்போது ஒரு மாத்திரைக்கு அது மிகச் சொற்பமாகி விடுகிறது. கூட்டுக் கொள்முதலின் பெரிய லாபம் இதுதான் என்பது நம் கருத்து.

சரி, நாம் என்ன செய்யலாம்? நம் சிற்றூர்களில் பத்துப் படுக்கை, இருபது படுக்கை உள்ள தனியார் ஆஸ்பத்திரிகள் பல இருக்கின்றன. ஒவ்வொன்றும் தனியே வாங்குகிறது. இவர்கள் கூடினால் நான்கு காரியங்களை முதலில் செய்ய வேண்டும்.

முதலாவது, எல்லாருக்கும் பொதுவான சிறு பட்டியல். சலைன், காஸ் துணி, கையுறை, சிரிஞ்சு, தீக்காயக் களிம்பு என்று தொடங்கினால் போதும். எடுத்த எடுப்பில் ஐந்நூறு சரக்கு எழுதினால் கூட்டு நிலைக்காது.

இரண்டாவது, உரிமம். 1940-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் இல்லாதவர் மருந்தை வாங்கி விற்க முடியாது. ஆகவே உரிமம் பெற்ற மொத்த மருந்து வணிகர் ஒருவரையே நடுவில் வைக்க வேண்டும். இதனால் நம் மருந்து வணிகர்களுக்குப் பிழைப்புப் போகும் என்ற பயமும் நீங்கும். அவர்களுக்கு நிச்சயமான வியாபாரம் கிடைக்கும்.

மூன்றாவது, இருப்பு. பேட்ச் எண், காலாவதித் தேதி பார்த்து, முன்னால் காலாவதியாவதை முன்னால் எடுக்க வேண்டும். இன்சுலின் போன்றவற்றை 2 முதல் 8 டிகிரிக் குளிரில் காக்க வேண்டும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் இதில் அசட்டை கூடாது. ஓர் ஆஸ்பத்திரியில் தீர்ந்தால் மற்றதிலிருந்து எடுத்துக்கொள்ளும் உடன்பாடும் வேண்டும். விபத்து நாளில் அதன் அருமை தெரியும்.

நான்காவது, குறித்த நாளில் பணம். கூட்டு முறியும் இடம் பெரும்பாலும் இதுதான். நமக்கு அடுத்துள்ள சத்திரப்பட்டியைப் பாருங்கள். அங்கே விசைத்தறியில் நெய்யும் பேண்டேஜ் துணியும் காஸ் துணியும் நாடு முழுவதும் ஆஸ்பத்திரிகளுக்குப் போகின்றன. தறிக்காரருக்கு நூலுக்கும் கூலிக்கும் உடனே பணம் வேண்டும். துணிக்கு மட்டும் பணம் மாதக்கணக்கில் இழுத்தால் அவர் அடுத்த முறை விலையை ஏற்றுவார், அல்லது இழையைக் குறைப்பார். இரண்டில் எது நடந்தாலும் நஷ்டம் காயத்தின் மேல் கட்டுப்போட்டவருக்குத்தான். விற்பவரைச் சாகடித்து வாங்குவது கொள்முதல் ஆகாது. ஒருவரிடமே எல்லாச் சரக்கையும் ஒப்படைக்காமல் இருவருக்குப் பிரித்துக் கொடுப்பதும் நல்லது. ஒருவர் தவறினால் மற்றவர் கைகொடுப்பார்.

கூடி வாங்குவதும் கூடிச் சேர்ப்பதும் நம் மண்ணுக்குப் புதிதல்ல. வீட்டுக்கு ஒரு பிடி அரிசி எடுத்து வைத்து விருதுநகரில் பள்ளிக்கூடம் நடத்தியவர்கள் நம் முன்னோர்கள். கடைக்குக் கடை மகமை வைத்துப் பொதுக் காரியம் செய்ததும் இந்த மண்தான். அன்று பிள்ளைகளின் படிப்புக்குக் கூடிய கை, இன்று தொழிலாளியின் உயிருக்காகக் கூடலாம். நம் சங்கங்களின் அடுத்த கூட்டத்தில் உள்ளூர் மருத்துவர்களையும் மருந்து வணிகர்களையும் அழைத்து இதைப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். அடுத்த தீபாவளி ஆர்டருக்கு ஆலைகள் மும்முரமாகும் முன்பே பேசினால் நல்லது.