வேலையை விடவும் முடியாது, நிறுத்தவும் முடியாது

2022 அக்டோபர் கடைசியில் அமெரிக்காவின் டெல்டா ஏர்லைன்ஸ் விமானிகள் ஒரு வாக்கெடுப்பு நடத்தினார்கள். தேவைப்பட்டால் வேலைநிறுத்தத்தில் இறங்கச் சம்மதமா என்பது கேள்வி. வாக்களித்தவர்களில் 99 சதவீதம் பேர் சம்மதம் என்றார்கள். விடுமுறைக்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்த பயணிகளுக்கு அடிவயிறு கலங்கியிருக்கும். விவரம் தெரிந்தவர்கள் கலங்கவில்லை. அந்த வாக்கெடுப்புக்கும் உண்மையான வேலைநிறுத்தத்துக்கும் நடுவே 1926-இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம் குறுக்கே நிற்கிறது.

பெயர், ரயில்வே தொழிலாளர் சட்டம். ரயில் நின்றால் நாடே நின்றுவிடும் என்ற கவலையில் பிறந்தது. 1936-இல் விமான நிறுவனங்களையும் அதற்குள் கொண்டுவந்தார்கள். இதன்படி ஒப்பந்தம் காலாவதியாவதே இல்லை. குறித்த தேதி வந்தால் 'இனித் திருத்தலாம்' என்ற நிலைக்கு வரும், அவ்வளவுதான். புதிய ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை பழைய சம்பளம், பழைய விதி. பேச்சு முட்டிக்கொண்டால் தேசிய மத்தியஸ்த வாரியம் வந்து உட்காரும். எத்தனை மாதம் பேச வைக்கலாம் என்பதற்கு வரம்பு கிடையாது. இனிப் பேசிப் பயனில்லை என்று வாரியமே கைவிட்டால்தான் 30 நாள் கெடு தொடங்கும். அதுவும் கழிந்த பிறகுதான் வேலைநிறுத்தம். அப்போதும் அதிபர் குறுக்கிடலாம். 1997 பிப்ரவரியில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகள் நள்ளிரவில் வேலைநிறுத்தத்தைத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே பில் கிளின்டன் அதைத் தடுத்து நிறுத்தினார். 2010-இல் ஸ்பிரிட் ஏர்லைன்ஸ் விமானிகள் ஐந்து நாள் வேலையை நிறுத்தினார்கள். பெரிய நிறுவனங்களில் அதன்பின் அதுகூட நடக்கவில்லை.

இழுத்தடித்தால் யாருக்கு லாபம் என்று கேட்கவே வேண்டாம். டெல்டாவின் பழைய ஒப்பந்தம் 2019 இறுதியிலேயே திருத்தத்துக்கு வந்துவிட்டது. அதன்பின் விலைவாசி ஏறியது, சம்பள விகிதம் இருந்த இடத்திலேயே இருந்தது.

பிடிக்கவில்லை என்றால் வேறு நிறுவனத்துக்குப் போகலாமே? பொறியாளர் போகலாம், கணக்காளர் போகலாம். விமானி போனால் எல்லாவற்றையும் இழந்துவிட்டுத்தான் போக வேண்டும். காரணம், பணிமூப்பு எண். எந்த விமானத்தை ஓட்டுவது, எந்த ஊரைத் தளமாகக் கொள்வது, எப்போது கேப்டன் ஆவது, கிறிஸ்துமஸுக்கு வீட்டில் இருக்க முடியுமா, ஆட்குறைப்பு வந்தால் முதலில் யார் வெளியே என்பதெல்லாம் சேர்ந்த தேதியை வைத்து முடிவாகும். இருபது ஆண்டு அனுபவமுள்ள கேப்டன் நிறுவனம் மாறினால், ரேஷன் கடை வரிசையை விட்டு வேறு கடைக்குப் போனவர்போலக் கடைசியில் போய் நிற்க வேண்டியதுதான். வெளியேறும் வழி அடைபட்டிருப்பதால்தான் விமானிகள் தங்கள் வாழ்க்கை முழுவதையும் அந்த ஒப்பந்தத்துக்குள் எழுதி வைக்கப் பார்க்கிறார்கள். இந்த ஏற்பாடு மூத்தவர்களுக்கே சாதகம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர், எப்போது அழைப்பு வரும் என்று தெரியாமல் ரிசர்வ் பட்டியலில் காத்துக் கிடப்பார்.

இந்த எண்ணுக்காகச் சங்கங்களே உடைந்திருக்கின்றன. 2005-இல் யு.எஸ். ஏர்வேஸும் அமெரிக்கா வெஸ்டும் இணைந்தபோது இரண்டு பணிமூப்புப் பட்டியல்களை எப்படி ஒன்றாக்குவது என்பதில் மூண்ட சண்டை நீதிமன்றங்களில் பல ஆண்டுகள் நடந்தது. ஒரே நிறுவனத்தின் விமானிகள் இரு தனி அணிகளாகவே பறந்தார்கள். நம் ஊரிலும் இதே கதைதான். 2007-இல் ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் இணைந்தன. 2012-இல் ஏர் இந்தியா விமானிகளில் ஒரு பிரிவினர் 58 நாள் போராடினார்கள். புதிதாக வரவிருந்த போயிங் 787 விமானத்துக்கான பயிற்சியை இந்தியன் ஏர்லைன்ஸிலிருந்து வந்தவர்களுக்கும் கொடுத்தால் தங்கள் பதவி உயர்வு தள்ளிப்போகும் என்பதே அவர்கள் கோபத்தின் மையம்.

பணிமூப்புக்கு அடுத்து விமானிகள் விட்டே கொடுக்காத இன்னொரு விதி உண்டு. பெரிய நிறுவனங்கள் தங்கள் பெயரையும் வண்ணத்தையும் பூசிய சிறு விமானங்களைக் குறைந்த சம்பளம் தரும் துணை நிறுவனங்களிடம் ஓட்டக் கொடுக்கின்றன. எல்லை போடாவிட்டால் நாளைக்குப் பெரிய விமானமும் அங்கே போய்விடும். அதனால் துணை நிறுவனம் ஓட்டும் விமானத்தில் 76 இருக்கைக்கு மேல் கூடாது, புறப்படும் எடை 86,000 பவுண்டைத் தாண்டக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். அதாவது ஏறத்தாழ 39 டன். பிரேசிலின் எம்ப்ரேயர் நிறுவனம் எரிபொருளை மிச்சப்படுத்தும் புதிய இ175-இ2 விமானத்தை வடிவமைத்தது. புதிய இன்ஜின் கனமானது; மொத்த எடை வரம்பைத் தாண்டிவிட்டது. அமெரிக்கச் சந்தையை நம்பிப் பிறந்த அந்த விமானத்தை அங்கே வாங்க ஆளில்லை. ஜப்பானின் மிட்சுபிஷியும் இதே சுவரில் மோதியது. வேறு சிக்கல்களும் சேர்ந்துகொள்ள, 2023-இல் தன் விமானத் திட்டத்தையே மூடியது. ஒரு தொழிற்சங்க ஒப்பந்தத்தின் பத்தி, கடல் தாண்டிய தொழிற்சாலைகளில் எந்த விமானம் உருவாகும் என்பதையே பாதிக்கிறது. சம்பளச் செய்திகளுக்குக் கிடைக்கும் தலைப்பு இதற்குக் கிடைப்பதில்லை.

சம்பளத்துக்கு வருவோம். பெரிய விமானத்தின் மூத்த கேப்டன் ஆண்டுக்கு மூன்று லட்சம் டாலருக்கு மேல் வாங்குகிறார், இவருக்கு என்ன குறை என்ற கேள்வி எழத்தான் செய்யும். இதற்கு முந்தைய இருபது ஆண்டுகளைப் பார்க்காமல் பதில் சொன்னால் அது அரைகுறை. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் நிறுவனங்கள் வரிசையாகத் திவால் நீதிமன்றத்துக்குப் போயின. டெல்டா விமானிகள் 2004-இல் 32.5 சதவீதச் சம்பள வெட்டுக்கு ஒப்புக்கொண்டார்கள். அடுத்த ஆண்டே நிறுவனம் திவாலானது. பிறகு இன்னொரு வெட்டு, ஓய்வூதியத் திட்டமும் போனது. 2009 ஜனவரியில் ஹட்சன் ஆற்றில் விமானத்தை இறக்கி 155 பேரையும் காப்பாற்றிய கேப்டன் சல்லன்பெர்கர், அடுத்த மாதம் நாடாளுமன்றக் குழு முன் பேசினார். தன் சம்பளம் 40 சதவீதம் வெட்டப்பட்டதையும் ஓய்வூதியம் பறிபோனதையும் அங்கே சொன்னார்.

கொரோனாவுக்குப் பிறகு காற்று திசை மாறியது. நிறுவனங்களே மூத்த விமானிகளைப் பணம் கொடுத்து முன்கூட்டியே ஓய்வில் அனுப்பியிருந்தன. 65 வயதில் கட்டாய ஓய்வு. புதியவர் வர 1,500 மணி நேரப் பறப்பு அனுபவம் வேண்டும். பயணிகள் கூட்டம் திரும்பியபோது ஓட்ட ஆள் போதவில்லை. 2022 நவம்பரில் யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானிகள் தங்கள் சங்கமே பேசிக் கொண்டுவந்த உடன்பாட்டை 94 சதவீத வாக்கில் தூக்கி எறிந்தார்கள். 2023 மார்ச்சில் டெல்டாவில் நான்காண்டுக்கு 34 சதவீத உயர்வு நிறைவேறியது. போட்டி நிறுவனங்கள் அதிகம் கொடுத்தால் டெல்டாவும் அதைவிடக் கூடுதலாக ஏற்ற வேண்டும் என்றும் ஒரு விதி சேர்த்தார்கள். ஜூலையில் யுனைடெட் தன் விமானிகளுக்கு அதிகம் தர ஒப்புக்கொண்டதும், அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிர்வாகம் ஏற்கெனவே முடித்த பேரத்துக்கு மேல் நூறு கோடி டாலருக்கும் கூடுதலாக எடுத்து வைத்தது. 2024 ஜனவரியில் சவுத்வெஸ்ட் கிட்டத்தட்ட 50 சதவீதத்துக்குப் போனது. நான்கு நிறுவனங்களிலும் ஒரு நாள்கூட வேலைநிறுத்தம் இல்லை.

ஆள் பற்றாக்குறைதான் அப்போது வென்றது என்பது என் கணிப்பு. சங்கங்களின் சாமர்த்தியம், அது நீடிக்கும்போதே கையெழுத்து வாங்கியதில் இருக்கிறது. 2024-இலேயே விமானி நியமனங்களின் வேகம் தணிந்துவிட்டது. டெல்டாவின் ஒப்பந்தம் 2026 இறுதியில் மறுபடி திருத்தத்துக்கு வருகிறது.