கறுப்புப் பெட்டிக்குக் காது உண்டு, கண் இல்லை!

(நமது சந்தாபுரா நிருபர்)

விமானம் விழுந்த செய்தி வந்ததும் அதிகாரிகள் முதலில் தேடுவது கறுப்புப் பெட்டியைத்தான். பெயர்தான் கறுப்பு; இடிபாடுகளில் பளிச்சென்று தெரிவதற்காக அதற்கு ஆரஞ்சு வர்ணம் பூசுகிறார்கள்.

இதற்கு வித்திட்டவர் ஆஸ்திரேலிய விஞ்ஞானி டேவிட் வாரன். 1934ல் நடந்த விமான விபத்தில் தந்தையை இழந்தபோது அவருக்கு வயது 9. விமானிகளின் பேச்சையும் கருவிகளின் அளவுகளையும் பதிவு செய்யும் பெட்டியை அவர் 1950களில் செய்து காட்டினார். இன்றைய பெட்டி 1,100 டிகிரி நெருப்பில் 1 மணி நேரம் கிடந்தாலும் பதிவு அழியாது.

பெங்களூர் மக்கள் மறக்க முடியாத நாள் 1990 பிப்ரவரி 14. பம்பாயிலிருந்து வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் ஏ-320 விமானம், எச்.ஏ.எல். விமான நிலைய ஓடுபாதையை எட்டுமுன் கோல்ப் மைதானத்தில் மோதி எரிந்தது. அதில் வந்த 146 பேரில் 92 பேர் மாண்டனர். குற்றம் புதிய ரக விமானத்தின் மீதா, ஓட்டியவர்கள் மீதா என்று வாதம் எழுந்தது.

பெட்டி பதில் சொன்னது. இறங்கும்போது எஞ்சின்கள் சும்மா சுழலும் நிலையில் இருந்தன. வேகம் குறைந்துகொண்டே வந்தது. விமானிகள் விழித்துக்கொண்டது கடைசி வினாடிகளில்தான். ஆனால் அந்த நிலை எப்படி வந்தது? வேறு குமிழைத் திருப்பியிருக்கலாம் என்பது விசாரணையின் ஊகம். திருப்பிய கையைப் பெட்டி பார்க்கவில்லை. விமானிகள் இருவரும் உயிரோடு இல்லை.

2025 ஜூன் 12ந் தேதி ஆமதாபாத்தில் 260 பேரைப் பலிகொண்ட ஏர் இந்தியா விபத்திலும் இதே கேள்விதான் எழுந்தது. எரிபொருள் சுவிட்சுகள் நிறுத்தத்துக்கு மாறியதைப் பெட்டி காட்டியது. ஏன் நிறுத்தினாய் என்று ஒரு விமானி கேட்டதும், நான் நிறுத்தவில்லை என்று மற்றவர் சொன்னதும் பதிவாகியிருப்பதாக முதற்கட்ட அறிக்கை கூறியது.

2014ல் காணாமற்போன மலேசிய விமானத்தின் பெட்டி கிடைக்கவே இல்லை. ஆகவே, ஆபத்து வந்தவுடன் விவரங்களைச் செயற்கைக்கோள் வழியே அனுப்பிவிடும் முறை வளர்ந்து வருகிறது. குரல் பதிவும் 2 மணியிலிருந்து 25 மணி நேரமாக நீள்கிறது.

விமானி அறையில் காமிரா வேண்டும் என்று அமெரிக்க விபத்து விசாரணை வாரியம் 2000லேயே பரிந்துரைத்தது. விமானிகள் சங்கங்கள் எதிர்க்கின்றன. காமிராவின் கீழ் நாளெல்லாம் வேலை பார்க்கும் நம் தொழிலாளத் தோழர்களுக்கு அந்தச் சங்கடம் புரியும். எனினும், விபத்து நடந்தால் மட்டுமே திறப்பது என்ற உறுதியுடன் காமிரா வைப்பதே நியாயம். பழி சுமந்து போனவர் குற்றமற்றவராக இருந்தால், அவருக்காகச் சாட்சி சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்?