மலையில இருந்து மெட்ராஸுக்கு... பர்ஸ் பத்திரம்!

ஜமுனாமரத்தூர்ல பஸ் ஏறி, சென்னை காலேஜ்ல சேரப்போறீங்களா? வாழ்த்துகள் ஃப்ரெண்ட்ஸ்! ஆனா, செலவு தாங்காம முதல் செமஸ்டரோட திரும்பி வந்துடக் கூடாது இல்லையா? அதுக்குத்தான் இது.

ஊர்ல தாகம் எடுத்தா பக்கத்து வீட்டுச் சொம்பு இருக்கும். சென்னையில கேன் தண்ணிக்கும் ரூம்மேட்ஸோட கணக்குப் பார்க்கணும். 2019 ஜூலையில ஏரிகள் வறண்டு சென்னையே தவிச்சப்போ, தண்ணி ரயில் கிளம்பினது உங்க மலைக்குப் பக்கத்துல இருக்கிற ஜோலார்பேட்டையில இருந்துதான். 50 வேகன்ல 25 லட்சம் லிட்டர்! (அதுவும் காவிரித் தண்ணி.) அதனால ரூம் பார்க்கும்போது முதல் கேள்வி, 'தண்ணி வருமா?' அட்வான்ஸ் பத்தியும் ஓனர்கிட்ட கூச்சப்படாம கேளுங்க.

வாடகை கம்மின்னு தூரமா போனா, மிச்சத்தை ஷேர் ஆட்டோ வாங்கிடும். மின்சார ரயில் ஸ்டேஷனுக்கு நடக்குற தூரத்துல தேடுங்க, ஸ்டூடன்ட் சீசன் டிக்கெட் கை கொடுக்கும்.

மாசக் கடைசியா? 2013ல ஆரம்பிச்ச அம்மா உணவகத்துல இட்லி 1 ரூபாய். படிக்க, கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம்; ஏ.சி.யும் அமைதியும் ஃப்ரீ! அரசுப் பள்ளியில படிச்சவங்களுக்குன்னு 2022ல புதுமைப் பெண், 2024ல பசங்களுக்குத் தமிழ்ப் புதல்வன்னு மாசம் 1,000 ரூபாய் திட்டங்கள் வந்தது. சேர்ந்த அன்னைக்கே காலேஜ் ஆபீஸ்ல விசாரிச்சிடுங்க.

பையில ஒரு பாட்டில் மலைத்தேன் வெச்சுக்கோங்க. ரூம்மேட்ஸ் ரெண்டே நாள்ல காலி பண்ணிடுவாங்க, அது வேற கதை!