பூனைக்குப் புது வாசல்

அமெரிக்க நகரங்களில் தெருவிலேயே பிறந்து, மனிதக் கை படாமலே வளர்ந்த பூனைகள் ஏராளம். கருத்தடை செய்து, பிடித்த இடத்திலேயே திரும்ப விட்டுவிடுவதுதான் அங்கே தன்னார்வலர்களின் வழக்கம். ஆனால் சில சமயம் அந்த இடமே இல்லாமல் போகும். பழைய கட்டடத்தை இடிப்பார்கள், அல்லது அக்கம்பக்கத்தில் யாரோ விஷம் வைக்கத் தொடங்கியிருப்பார்கள். அப்போது அந்தக் கூட்டத்தைப் பண்ணைக்கோ குதிரைக் கொட்டிலுக்கோ கிடங்குக்கோ குடிமாற்றுகிறார்கள். சிகாகோவில் ட்ரீ ஹவுஸ் என்ற விலங்கு நல அமைப்பு, எலித்தொல்லை உள்ள வீடுகளின் கொல்லைகளுக்கும் வணிக வளாகங்களுக்கும் இப்படிப்பட்ட பூனைகளைக் கூட்டமாகக் கொடுக்கிறது. திட்டத்தின் பெயர் 'கேட்ஸ் அட் வொர்க்'.

வீட்டுக்குள் கொண்டுபோய் வளர்த்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். பூனைக்குட்டி மனிதரோடு பழகும் பருவம் மிகக் குறுகியது. பிறந்த இரண்டாவது வாரத்தில் தொடங்கி ஏழாவது வாரத்தோடு அது பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. பிலடெல்பியாவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் ஐலீன் கார்ஷ் 1980களில் குட்டிகளை வைத்துச் செய்த ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டின. அந்த வாரங்களில் மனிதர் கையில் தவழாத குட்டி, வளர்ந்தபின் நம்மை ஆபத்தாகவே பார்க்கும். அதை அறைக்குள் அடைத்து அன்பு காட்டினால், கட்டிலுக்கு அடியில் பதுங்கியே அதன் ஆயுள் கழியும். வெளிதான் அதற்கு வீடு.

அந்த வெளியை மாற்றுவதில்தான் சிக்கல். பூனைக்கு இடம் என்பது பெரும்பாலும் வாசனை. கன்னத்திலும் நெற்றியிலும் வாலடியிலும் விரலிடுக்கிலும் அதற்கு வாசனைச் சுரப்பிகள் இருக்கின்றன. போகிற வழியில் மூலை முடுக்கெல்லாம் முகத்தை உரசி, மரத்தைப் பிறாண்டி, தன் அடையாளத்தை வைத்துக்கொண்டே போகும். எந்தக் கூரையில் தாவினால் நாய் எட்டாது, எந்த வாசலில் எத்தனை மணிக்குத் தட்டு வைப்பார்கள், மழைக்கு எந்தப் படிக்கட்டின் கீழ் ஒதுங்கலாம் என்பதெல்லாம் அதற்கு மனப்பாடம். ஒரு பூனை உயிரோடு இருப்பதற்கே இந்த அறிவுதான் காரணம். புது இடத்தில் இறக்கிவிட்ட கணத்தில் இத்தனையும் பயனற்றுப் போகிறது.

அதனால் அது திரும்பிப் போகப் பார்க்கும். அமெரிக்க விலங்கியலாளர் பிரான்சிஸ் ஹெரிக் 1922இல் வெளியிட்ட கட்டுரையில், குட்டி போட்டிருந்த ஒரு தாய்ப்பூனையைச் சில மைல் தள்ளிக் கொண்டுபோய் விட்டபோதெல்லாம் அது குட்டிகளிடம் வந்து சேர்ந்ததைப் பதிவுசெய்தார். 1954இல் ஜெர்மனியில் பிரெக்ட், லின்டன்லாப் என்ற இரு ஆய்வாளர்கள் பூனைகளை மூடிய பெட்டியில் எடுத்துப்போய், நாலாபுறமும் வாசல் உள்ள மூடிய புதிர்வழிக்குள் விட்டார்கள். பல பூனைகள் தம் வீடு இருந்த திசை வாசலையே தேர்ந்தெடுத்தன. தூரம் சுமார் 5 கிலோமீட்டரைத் தாண்டியபோது அந்தத் திறன் குறைந்தது. ஆக, வெகுதூரம் கொண்டுவந்த பூனைக்கு வீடு திரும்பும் தவிப்பு இருக்கும், வழி இருக்காது. நெடுஞ்சாலையில் அடிபடுவதும் பட்டினியில் சாவதும் இப்படித்தான். நம் ஊரில் சாக்கில் கட்டி மீன் சந்தைப் பக்கம் விட்டுவிட்டு, அது எப்படியும் பிழைத்துக்கொள்ளும் என்று திரும்பி வருகிறோமே, அந்தப் பூனைகளின் கதியும் இதுவே. அதைக் கொடுமை என்றே சொல்ல வேண்டும்.

இதற்கு அனுபவசாலிகள் கண்ட வழி, புது இடத்தில் கொஞ்ச காலம் அடைத்து வைப்பது. குறைந்தது இரண்டு வாரம். பெரும்பாலும் மூன்று, நான்கு வாரம். கேட்பதற்குத் தண்டனைபோல இருக்கும். ஆனால் பூனைக்கு நாம் செய்யக்கூடிய பெரிய உதவி அதுதான்.

முதலில் பிடிக்க வேண்டும். முந்தைய நாள் உணவை நிறுத்திவிட்டு, கம்பிப் பொறியின் உள்கோடியில் மத்தி மீனை வைப்பார்கள். பூனை உள்ளே போய்த் தரைத்தகட்டை மிதித்ததும் கதவு விழும். உடனே பொறி முழுவதையும் துணியால் மூடிவிடுவார்கள். கம்பியில் மோதி மூக்கைக் கிழித்துக்கொண்டிருந்த பூனை, இருட்டு சூழ்ந்ததும் பெரும்பாலும் அடங்கிவிடும். பிறகு மருத்துவரிடம் கருத்தடை, வெறிநாய்க்கடித் தடுப்பூசி. மயக்கத்தில் இருக்கும்போதே ஒரு காதின், வழக்கமாக இடது காதின், நுனியைச் சுமார் 1 சென்டிமீட்டர் நேராக வெட்டிவிடுவார்கள். தூரத்திலிருந்து பார்த்தாலே அறுவை முடிந்த பூனை என்று தெரியும்; மறுபடி பிடித்து வயிற்றைக் கிழிக்கும் அவலம் நேராது.

அடைக்கும் கூண்டைக் கொட்டிலுக்குள், பூனை பிற்பாடு எங்கே வாழப் போகிறதோ அங்கேயே வைப்பார்கள். உள்ளே ஒரு மறைவுப் பெட்டி கட்டாயம். இது இல்லாவிட்டால் பூனை உணவைத் தொடாது, கம்பியை மட்டுமே பிறாண்டும். பழைய இடத்தில் அது படுத்த துணியைத் துவைக்காமல் பெட்டிக்குள் போடுவார்கள். மலம் கழிக்கும் தட்டில் கடையில் வாங்கும் பூனை மணலோடு மண்ணையும் கலப்பது நல்லது; தெருப்பூனைக்கு மண்தான் பழக்கம். முதல் சில நாள் சாப்பாடு அப்படியே கிடப்பதுபோல் தெரியும், இரவில் மட்டும் குறையும். தினமும் ஒரே ஆள், ஒரே நேரம், ஒரே குரல். தட்டை வைக்கும்போது கூப்பிடும் அந்தக் குரல்தான் பின்னாளில் பூனையைத் திரும்ப அழைக்கப்போகிறது. இதற்கிடையில் குதிரையின் கனைப்பு, டிராக்டரின் இரைச்சல், வைக்கோலின் மணம், எட்ட நின்று முறைக்கும் பண்ணை நாய் எல்லாவற்றையும் பூனை கம்பிக்குப் பின்னால் பத்திரமாக உட்கார்ந்தபடி படித்துக்கொள்கிறது.

கதவைத் திறக்கும் நாளிலும் அவசரம் கூடாது. உணவு நேரத்தை ஒட்டித் திறந்து, கூண்டை அங்கேயே விட்டு, தட்டையும் உள்ளேயே வைக்க வேண்டும். சில பூனைகள் கண்ணிலேயே படாமல் ஒரு வாரம் மறையும். தட்டு மட்டும் காலியாகும். அதைக் கண்டு கைவிடக் கூடாது. பூனையைத் தனியாகவும் மாற்றக் கூடாது. ஒரே கூட்டத்தில் வளர்ந்த இரண்டு மூன்றைச் சேர்த்துக் கொண்டுபோனால் ஒன்றுக்கொன்று துணை. அறிந்த வாசனையும் கூடவே வருகிறது.

எலியை ஒழிக்கத்தான் பூனை வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஒரு சேதி. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஒரு கழிவு மறுசுழற்சி நிலையத்தில் மைக்கேல் பார்சன்ஸ் என்ற ஆய்வாளரின் குழு கேமரா பொருத்தி 79 நாள் கண்காணித்து, 2018இல் முடிவை வெளியிட்டது. அங்கே பூனைகள் கொன்ற எலிகள் இரண்டே இரண்டு. 300 கிராமுக்கு மேல் எடையுள்ள, பல்லைக் காட்டும் பெரிய எலியைவிடச் சுண்டெலியும் குருவியும் பூனைக்குச் சுலபமான இரை. பூனை நடமாடும் நாட்களில் எலிகள் வெளியே வருவது குறைந்தது என்னவோ உண்மை. ஆனால் அவை அங்கேயேதான் இருந்தன.

குருவி என்றதும் இன்னொரு பொறுப்பும் வருகிறது. எல்லா வெளியும் பூனைக்கு ஏற்றதல்ல. கலிபோர்னியாக் கரையிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி, அமெரிக்கக் கடற்படை வசம் உள்ள சான் நிக்கோலஸ் தீவில் பூனைகள் பெருகி, கடற்பறவைகளையும் அந்தத் தீவுக்கூட்டத்துக்கே உரிய பல்லியினத்தையும் வேட்டையாடின. அங்கு மட்டுமே வாழும் நரித் துணையினத்துக்கும் போட்டியாயின. பூனைகளைக் கொல்லத்தான் முதலில் திட்டம். அமெரிக்க ஹியூமேன் சொசைட்டி என்ற விலங்கு நல அமைப்பு அவற்றை ஏற்றுக்கொள்ள முன்வந்ததால், 2009, 2010ஆம் ஆண்டுகளில் பிடிபட்ட ஐம்பதுக்கும் மேற்பட்ட பூனைகள் உயிரோடு சான் டியாகோவுக்கு அருகே ரமோனாவில் உள்ள காப்பகத்துக்கு வந்தன. திறந்த பண்ணைக்கு அல்ல, வேலியடைத்த வெளிக்கு. 2012இல் தீவில் பூனை இல்லை என்று அறிவித்தார்கள். பறவைக்கும் பூனைக்கும் ஒருசேர நியாயம் செய்ய முடியும் என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல சான்றில்லை. அதற்கு ஆன செலவும் உழைப்பும் மிகப் பெரிது.

1990இல் வாஷிங்டனில் தொடங்கிய ஆலி கேட் அலைஸ் போன்ற அமைப்புகள், குடிமாற்றத்தைக் கடைசி வழியாகவே சொல்கின்றன. பழைய இடத்தில் குப்பையும் உணவும் அப்படியே இருந்தால் வேறு பூனைகள் வந்து நிரப்பிவிடும். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால், பொறியைக் கையில் எடுக்குமுன் பண்ணைக்காரரிடம் சிலவற்றைப் பேசி முடிக்க வேண்டும். கொட்டிலில் எலி விஷம் வைப்பதை நிறுத்துவாரா? வேட்டை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் தினமும் உணவும் தண்ணீரும் வைப்பாரா? நோய் வந்தால் மருத்துவரிடம் கொண்டுபோவாரா? பத்து வருடம்கூட அந்தப் பூனை இருக்கலாம். நடுவில் நிலத்தை விற்றால் யாரிடம் ஒப்படைப்பார்? இவற்றுக்குத் தெளிவான பதில் கிடைக்காத பண்ணைக்குப் பூனையைக் கொடுக்காமல் இருப்பதே சரி.