கண்காணிக்கப்பட்டவரே கண்காணிப்பாளரானார்: ஜெர்மனி நடிகர் உல்ரிச் மூஹேவின் திரைப்பயணம்

ஆஸ்கர் விருது வென்ற 'பிறரின் வாழ்க்கை' என்ற ஜெர்மானிய திரைப்படத்தில், காதில் ஹெட்போன் கருவியை மாட்டிக்கொண்டு அடுத்தவர் வீட்டுப் பேச்சை ஒட்டுக்கேட்கும் உளவுத் துறை அதிகாரியாக நடித்தவர் உல்ரிச் மூஹே. உலகம் அவரை அந்த ஒரு முகத்தால் மட்டுமே அறிந்திருக்கிறது. ஆனால், ஜெர்மனியில் அவர் நாடக மேடையின் முன்னணி நடிகர், தொலைக்காட்சியின் புகழ்பெற்ற தடயவியல் மருத்துவர், நாஜி காலக் கதைகளில் இரு தரப்பு வேடங்களையும் ஏற்றவர்.

யார் இந்த உல்ரிச் மூஹே?

அன்றைய கிழக்கு ஜெர்மனியின் சாக்சனி பகுதியில் உள்ள கிரிம்மா நகரில் 1953-ஆம் ஆண்டு ஜூன் 20-ஆம் தேதி பிறந்தவர் மூஹே. பள்ளிப் படிப்புக்குப் பின் கட்டுமானத் தொழிலில் பயிற்சி பெற்றார். கட்டாய ராணுவ சேவையின்போது பெர்லின் சுவரில் எல்லைக் காவலராக நிறுத்தப்பட்டார். இரைப்பைப் புண் காரணமாக அந்தப் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார்.

1975 முதல் 1979 வரை லைப்சிக் நாடகக் கல்லூரியில் பயின்ற அவர், இன்று கெம்னிட்ஸ் என அழைக்கப்படும் கார்ல் மார்க்ஸ் நகரில் மேடை வாழ்வைத் தொடங்கினார். நாடகாசிரியர் ஹைனர் முல்லர் அவரது திறனை அறிந்து பெர்லினுக்கு அழைத்து வந்தார். 1983-இல் டாய்ச்சஸ் தியேட்டர் அரங்கில் சேர்ந்த மூஹே, விரைவிலேயே அதன் முன்னணி நடிகரானார்.

1989 நவம்பர் 4-ஆம் தேதி பெர்லினின் அலெக்சாண்டர் சதுக்கத்தில் நாடகக் கலைஞர்களின் முன்முயற்சியில் மாபெரும் மக்கள் பேரணி நடைபெற்றது. அந்த மேடையில் உரையாற்றியவர்களில் மூஹேயும் ஒருவர். அடுத்த ஐந்தாவது நாளில் பெர்லின் சுவர் வீழ்ந்தது. சுவரைக் காக்க நிறுத்தப்பட்ட அதே மனிதர், அதைத் தாங்கி நின்ற ஆட்சிக்கு எதிராகக் குரல் கொடுத்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

அச்சத்தின் பல முகங்கள்

பெர்ன்ஹார்ட் விக்கி இயக்கிய 'சிலந்தி வலை' (1989) படத்தில், முதல் உலகப் போருக்குப் பின் பதவிக்காக எதையும் செய்யத் துணியும் ராணுவ அதிகாரியாக மூஹே நடித்தார். எழுத்தாளர் யோசப் ரோத்தின் நாவலைத் தழுவியது அப்படம்.

ஆஸ்திரிய இயக்குநர் மைக்கேல் ஹானகே அவரை முற்றிலும் வேறு கோணத்தில் பயன்படுத்தினார். 'பென்னியின் வீடியோ' (1992) படத்தில், மகன் செய்த கொலையை மறைக்க நிதானமாகத் திட்டமிடும் தந்தை வேடம். 'வேடிக்கை விளையாட்டுகள்' (1997) படத்திலோ, ஏரிக்கரை விடுமுறை இல்லத்தில் இரு இளைஞர்களின் வன்முறைக்கு ஆளாகி, குடும்பத்தைக் காக்க இயலாமல் தவிக்கும் தந்தை வேடம். காஃப்காவின் 'கோட்டை' நாவலை ஹானகே படமாக்கியபோது, அதிகாரத்தின் வாயிலில் காத்திருந்து களைத்துப்போகும் நில அளவையாளராகவும் அவரே நடித்தார்.

இந்த மூன்று வேடங்களிலும் அவர் குரலை உயர்த்துவது அரிது. கண்ணிமைகளின் அசைவும், உதடுகளின் இறுக்கமும், சற்றே நீளும் மௌனமுமே அவரது கருவிகள்.

ஒரே நடிகர், இரு தரப்பு

நாஜி ஆட்சிக்காலக் கதைகளில் அவர் ஏற்ற வேடங்கள் தனிக் கவனத்துக்குரியவை. கோஸ்டா காவ்ராஸ் இயக்கிய 'ஆமென்' (2002) படத்தில், மனித உயிர்களைத் துச்சமாக மதிக்கும் நாஜி மருத்துவராக நடித்தார். 'கோயபல்ஸும் கெடுல்டிக்கும்' என்ற தொலைக்காட்சிப் படத்தில் அவருக்கு இரட்டை வேடம். ஒன்று ஹிட்லரின் பிரசார அமைச்சர் கோயபல்ஸ். மற்றொன்று, அதே உருவ அமைப்பைக் கொண்ட யூதர். 2007-இல் வெளியான 'மைன் ஃபியூரர்' என்ற நையாண்டிப் படத்தில், வதை முகாமிலிருந்து வரவழைக்கப்பட்டு ஹிட்லருக்கு மேடைப் பேச்சுப் பயிற்சி அளிக்கும் யூத நடிகராகத் தோன்றினார்.

இதற்கிடையே, 1998 முதல் 2007 வரை இசட்.டி.எஃப். தொலைக்காட்சியில் ஒளிபரப்பான 'கடைசி சாட்சி' தொடரில் தடயவியல் மருத்துவர் ராபர்ட் கோல்மார் வேடத்தில் 70-க்கும் மேற்பட்ட அத்தியாயங்களில் நடித்தார். சாதாரண ஜெர்மானியக் குடும்பங்களுக்கு அவரை நெருக்கமாக்கியது இந்தத் தொடரே.

'பிறரின் வாழ்க்கை' ஏன் முக்கியம்?

ஃப்ளோரியன் ஹெங்கல் ஃபான் டோனர்ஸ்மார்க்கின் முதல் முழுநீளத் திரைப்படம் இது. 1984-இல் கிழக்கு பெர்லினில் கதை தொடங்குகிறது. நாடகாசிரியர் ஒருவரை வேவு பார்க்க நியமிக்கப்படும் ஸ்டாசி அதிகாரி கெர்ட் வீஸ்லர், மெல்ல மெல்ல மனம் மாறி அவரைக் காக்க முற்படுகிறார்.

கிழக்கு ஜெர்மனியின் ரகசியக் காவல் அமைப்பான ஸ்டாசியில், 1989-இல் சுமார் 91,000 பேர் முழுநேரமாகப் பணியாற்றினர். இவர்களைத் தவிர, அக்கம்பக்கத்தினர், சக ஊழியர்கள் எனப் பொதுமக்களிடையே லட்சத்துக்கும் அதிகமான ரகசியத் தகவலாளிகள் இருந்தனர். ஆட்சி வீழ்ந்தபின், 1992 முதல் குடிமக்கள் தங்களைப் பற்றிய கோப்புகளைப் பார்வையிட அனுமதிக்கப்பட்டனர். அக்கோப்புகளை அடுக்கிவைத்தால் 100 கிலோமீட்டருக்கும் மேல் நீளும்.

தாமும் கண்காணிக்கப்பட்டதைத் தமது கோப்பின் வழியே அறிந்தவர் மூஹே. இந்த வேடத்துக்கு எவ்வாறு தயாரானீர்கள் என்று கேட்கப்பட்டபோது, நினைவுகூர்ந்தாலே போதுமானதாக இருந்தது என்ற பொருளில் அவர் பதிலளித்தார்.

விமர்சனங்களும் எழாமலில்லை. இலக்கான நபரைக் காப்பாற்றிய இத்தகைய ஸ்டாசி அதிகாரி எவரும் வரலாற்றில் இருந்ததாகத் தெரியவில்லை என்று வாதிடப்பட்டது. ஸ்டாசியின் முன்னாள் சிறையான ஹோஹன்ஷோன்ஹவுசன் நினைவிடத்தில் படப்பிடிப்பு நடத்த, அதன் அப்போதைய இயக்குநர் ஹூபர்டஸ் நாபே அனுமதி மறுத்தார். ஒடுக்கியவரை நாயகனாக்குவது பாதிக்கப்பட்டோருக்கு இழைக்கும் அநீதி என்பது இத்தகைய எதிர்ப்பின் சாரம்.

இக்கேள்விக்கு மூஹேவின் நடிப்பே ஓரளவு விடையளிக்கிறது. வீஸ்லரை அவர் இரக்கத்துக்குரியவராகத் தொடக்கத்தில் காட்டுவதில்லை. விசாரணை அறையில் கைதியை உறங்கவிடாமல் வதைப்பவராகவே அறிமுகப்படுத்துகிறார். மனமாற்றத்துக்குப் பின்னரும் அந்தப் பாத்திரம் தன்னைத் தியாகியாகக் கருதிக்கொள்வதில்லை.

விருதும் விடைபெறலும்

இந்த வேடத்துக்காக 2006-இல் ஜெர்மன் திரைப்பட விருதையும், ஐரோப்பிய திரைப்பட விருதையும் சிறந்த நடிகருக்கான பிரிவில் மூஹே வென்றார். 2007 பிப்ரவரியில் சிறந்த அயல்மொழித் திரைப்படத்துக்கான ஆஸ்கர் விருது இப்படத்துக்கு வழங்கப்பட்டது.

உலகப் புகழ் வாயிலைத் தட்டிய வேளையில், அவர் இரைப்பைப் புற்றுநோயால் பாதிக்கப்பட்டிருந்தார். விருது கிடைத்த ஐந்தே மாதங்களில், 2007 ஜூலை 22-ஆம் தேதி தமது 54-ஆவது வயதில் காலமானார். அவர் நடித்த 'நெமிசிஸ்' திரைப்படம் அவரது மறைவுக்குப் பின்னரே திரைக்கு வந்தது.