ஆற்றின் குறுக்கே ஒரு வலை

மடகாஸ்கர் தீவின் கிழக்குப் பகுதியில் உள்ள ஆண்டசிபே-மண்டாடியா தேசியப் பூங்கா மழைக்காட்டில், ஓடும் ஆற்றுக்கு நேர்மேலே சிலந்தி வலைகள் தொங்குகின்றன. கரைக்குக் கரை போகும் தாங்குநூல் 25 மீட்டர் வரை நீளும். அதன் கீழே இருக்கும் வட்ட வலை 2.8 சதுர மீட்டர் வரை விரியும். இத்தனையையும் கட்டுவது இரண்டு சென்டிமீட்டர் அளவே உள்ள ஒரு பெண் சிலந்தி. ஆண் அதில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும்.

இதன் பெயர் டார்வின் மரப்பட்டைச் சிலந்தி. அசையாமல் இருந்தால் கிளையின் பட்டையிலிருந்து பிரித்தறிவது கடினம். ‘உயிரினங்களின் தோற்றம்’ நூல் வெளியாகி 150 ஆண்டுகள் நிறைந்ததை ஒட்டி, மட்யாஷ் குன்ட்னர், இங்கி அக்னார்சன் என்ற ஆய்வாளர்கள் டார்வின் பெயரை இதற்குச் சூட்டினர்.

கொடிக்கயிறு கட்டுகிறவர் ஒரு முனையை முடிந்துவிட்டு, மறுமுனையைக் கையில் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் நடப்பார். நடுவில் ஆறு ஓடினால் எப்படி நடப்பது? சிலந்தி காற்றை நம்புகிறது. கரையோரச் செடியில் நின்றபடி வயிற்று நுனியிலிருந்து நூலை ஏராளமாக வெளியே விடுகிறது. காற்று அதைத் தண்ணீருக்கு மேலே கொண்டுபோய் எதிர்க்கரைச் செடியில் சிக்கவைக்கிறது. பிறகு அதே நூலில் நடந்து, மேலும் இழைகளைச் சேர்த்து வலுவாக்குகிறது.

மற்ற வட்டவலைச் சிலந்திகள் முதலில் இடத்தைச் சுற்றிச்சுற்றி அளந்து பார்க்கும். அவற்றின் வலை மையம் முதல் நூலிலிருந்தே உருவாகும். டார்வின் சிலந்தி இடம் பார்ப்பதே அரிது. தாங்குநூலை அப்படியே விட்டுவிட்டு, அதற்குக் கீழே மையத்தைப் புதிதாகக் கட்டுகிறது. மையத்திலிருந்து பிரியும் ஆரநூல்களில் மேல்பாதியில் இருப்பவை மட்டும் இரட்டை. வலையின் பளுவை மேல்பக்க நூல்கள்தானே தாங்க வேண்டும்! பெரிய வலை என்றாலும் கட்டுமானம் எளிமையானது. இந்தச் சிக்கனம்தான் இதில் மிக அழகான பகுதி.

இவ்வளவு பெரிய வலையில் பறவையோ வௌவாலோ சிக்கும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் கிடைப்பது தட்டான், ஊசித்தட்டான், ஆற்றில் வளர்ந்து கூட்டமாக மேலெழும் மேஃபிளை போன்ற பூச்சிகளே. வேறெந்தச் சிலந்தியும் வலை விரிக்காத வெளி அது. அங்கே பறப்பதெல்லாம் இதற்குத்தான்.

அந்த வெளியில் நிலைக்க நூல் அசாதாரணமாக இருக்க வேண்டும். உருக்கு பாரம் தாங்கும், அதிகம் நீளாது. ரப்பர் நீளும், பாரம் தாங்காது. இந்த நூல் தாங்கவும் செய்கிறது, நீளவும் செய்கிறது. அறுவதற்கு முன் அது உள்வாங்கும் ஆற்றல், கன மீட்டருக்குச் சராசரியாக 350 மெகாஜூல், அதிகபட்சம் 520. 2010இல் இந்த அளவீடு வெளியானபோது, அதுவரை அளந்த எந்தச் சிலந்தி நூலையும்விட இரு மடங்குக்கு மேல். குண்டு துளைக்காத உடைகளில் பயன்படும் கெவ்லாரோடு ஒப்பிட்டால் பத்து மடங்கு.

ஆற்றைத் தாண்டும் பழக்கமும் இந்த நூலும் ஒன்றோடொன்று சேர்ந்தே பரிணமித்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. 2019இல் வெளியான ஆய்வு, நூலின் இந்த உறுதிக்குக் காரணம் தேடிச் சிலந்தியின் உடலுக்குள் பார்த்தது. புரோலின் என்ற அமினோ அமிலம் மிகுந்த, தனித்தன்மை கொண்ட ஒரு பட்டுப் புரதம் அங்கே இருந்தது. நூல் வெளிவரும் நாளமும் வழக்கத்தைவிட நீளமாக இருந்தது.