தொப்புளுக்கும் உண்டு ஒரு தையற்கலை

திருவனந்தபுரத்தில் குடியிருக்கும் நமக்கு உந்தியின் பெருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பத்மநாபசுவாமி கோயில் கருவறையின் மூன்று வாசல்களில் நடுவாசல் வழியே நாம் தரிசிப்பது உந்தித் தாமரையைத்தான். பக்கத்து வீட்டு மலையாளிகள் 'பொக்கிள்' என்னும்போது நம் 'கொப்பூழ்' நினைவுக்கு வரும்.

பிரசவங்களுக்குப் பின்னும், உடல் எடை மிகவும் குறைந்த பின்னும் சிலருக்கு வயிற்றுத் தோல் தொங்கிவிடுகிறது. நடுவயிற்றின் இரு தசைப்பட்டைகளும் விலகிவிடுகின்றன. தொங்கிய தோலை எந்த உடற்பயிற்சியும் சுருக்காது. மிகுதியான தோலையும் கொழுப்பையும் அகற்றி, தசைகளைச் சேர்த்துத் தைப்பதே 'டம்மி டக்'. இது எடை குறைக்கும் வைத்தியம் அல்ல என்பதை முதலில் மனதில் கொள்ள வேண்டும். இன்னும் குழந்தை வேண்டுவோர் பொறுத்திருப்பதே நல்லது.

அமெரிக்காவில் ஹோவர்ட் கெல்லி 1899இல் இத்தகைய சிகிச்சையை விவரித்தார். தொப்புளைக் காப்பாற்றிப் புதிய துவாரத்தில் பொருத்தும் முறையை வெர்னன் 1957இல் வெளியிட்டார்.

இதில் ஒரு வேடிக்கை. தொப்புள் இடம் மாறுவதே இல்லை, மாறுவது தோல்தான்! தொப்புளைச் சுற்றி வெட்டி, காம்போடு வயிற்றுச் சுவரிலேயே விட்டுவிடுவார்கள். மேல்தோலைப் போர்வைபோலக் கீழே இழுத்து, தொப்புளுக்கு நேராகத் துவாரமிட்டு அதை வெளியே எடுத்துத் தைப்பார்கள். துவாரம் முழு வட்டமாக இருந்தால் தழும்பு சுருங்கி, பாட்டியின் சுருக்குப்பை வாய்போல இறுகிவிடலாம். ஆகவே பல மருத்துவர்கள் கவிழ்த்த 'ப' போலவோ, ஆங்கில 'வி' போலவோ வெட்டுகிறார்கள். தோலின் ஓரத்தை உள்ளே இருக்கும் தசையுறையோடு சேர்த்துத் தைத்தால் குழி விழும். தழும்பும் அதற்குள் மறையும். சுற்றியுள்ள கொழுப்பைச் சற்றுக் குறைப்பார்கள். மேலே சிறு மடிப்பும், நெடுக்கான முட்டை வடிவும் அமைந்தால் இயற்கையாகத் தோன்றும்.

அழகைவிடப் பெரிய விஷயம் இரத்த ஓட்டம். காம்பு நலிந்தால் தொப்புளே கருகிப்போகக்கூடும். தொப்புளில் குடலிறக்கம் இருந்தாலோ, முன்பு அதற்கு அறுவைச் சிகிச்சை நடந்திருந்தாலோ மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். புகைபிடிப்பவர்கள் சில வாரங்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும். கேரளத்தில் 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி 38.9 விழுக்காடு குழந்தைகள் சிசேரியன் மூலம் பிறந்தவர்கள். அடிவயிற்றில் குறுக்கே உள்ள அந்தப் பழைய தழும்பு பெரும்பாலும் அகற்றும் தோலோடு போய்விடும்; புதிய தழும்பு அதைவிட நீளமானது.

"இந்த வயதில் இதெல்லாம் எதற்கு?" என்று கேட்கும் உறவினர்களுக்குப் பதில் சொல்வதைவிட, மருத்துவர் முன்பு செய்த சிகிச்சைகளின் படங்களைக் கேட்டுப் பார்ப்பது பயன் தரும். தையல் பிரித்த வாரமே கண்ணாடி முன் நின்று கலங்க வேண்டாம். தழும்பு வெளுக்க ஓராண்டுகூட ஆகலாம்.